கனமில்லாத மண்

வலது கையில் ஒரு பை, இடது கையில் ஒரு பை. இரண்டும் ஒரே உயரம், ஒரே பருமன், இரண்டின் மேலும் ஒரு தொட்டிச்செடி சிரித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரே படம். ஆனால் வலது கை தாழ்ந்து போயிற்று, இடது கை தூக்க வந்த வேகத்தில் தோள் வரைக்கும் எகிறிற்று, அந்த எகிறலில், நர்சரிக்கு மண் வாங்க வந்து நின்ற ரங்கநாயகிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இதற்குள் என்ன இருக்கிறது, காற்றா, காற்றைப் பையில் கட்டி விற்கிறார்களா. முப்பத்தோரு வருஷமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் வெட்டுத்துணிக் கழிவை எடைக்கு வாங்கி எடைக்கு விற்கிறவள் அவள். தராசு பொய் சொல்லும், தராசுக்காரன் அதற்கு மேல் பொய் சொல்லுவான், அவள் கை சொல்லாது. மூட்டையின் காதைப் பிடித்து ஒரு விரற்கடை தூக்கினால் போதும், நாற்பத்திரண்டு என்பாள், தராசும் நாற்பத்திரண்டு என்று ஒத்துக்கொள்ளும். தண்ணீர் தெளித்து எடை ஏற்றி வைத்திருந்தால் மூட்டைக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டு எடுத்து விரலை முகர்ந்து பார்ப்பாள், உங்க தண்ணியை நீங்களே குடிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுவாள், கம்பெனிக்காரன் பின்னாலேயே ஓடி வருவான். அந்தக் கைக்குக் கனம்தான் நல்லது. கனமானது மோசம் போகாது. இருபத்திரண்டு நாளைக்கு முன்பு வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தாள். மணி பதினொன்றே கால். நாலு மணிக்கு சுலோச்சனா வீட்டுக்கு வந்துவிடுவாள். கூடப் பிறந்த ஒரே தங்கச்சி, ஏழு வயசு இளையவள், கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் அக்காளோடேயே இருந்துவிட்டவள், முப்பத்தோரு நாளாகக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்து இன்றைக்கு ஆம்புலன்ஸில் வருகிறாள். ஆக்ஸிஜன் மிஷின் நேற்றே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் பீரோ மாதிரி நிற்கிறது. கட்டிலுக்கு எதிரே வடக்கு ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே பலகை, பலகையில் பதினோரு தொட்டி பிகோனியா இருந்த இடத்தில் இப்போது பதினோரு வட்டக் கறை. படுத்த வாக்கில் கண்ணைத் திறந்தால் அதுதான் முதலில் தெரியும். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் தங்கச்சி ஆக்ஸிஜன் முகமூடியைக் கழற்றிவிட்டு, செடியெல்லாம் எப்படிக்கா இருக்குது என்று கேட்டாள். அதுக்கென்ன, சும்மா பொலபொலன்னு பூத்துக் கெடக்குது என்று ரங்கநாயகி சொன்னாள். நாக்கு கூசவில்லை. கூசாத நாக்குதான் இவ்வளவு தூரம் கூட்டி வந்திருக்கிறது.

வேண்டுமென்று செய்யவில்லை. யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம் என்று வைத்திருக்கிறாள், யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்றைக்கு சுலோ மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னது ஒன்றே ஒன்று. நாலு நாளைக்கு ஒருக்கா விரலை விட்டுப் பார், காஞ்சிருந்தா மட்டும் அடியில இருக்கற தட்டுல தண்ணி ஊத்து, தலை மேல ஊத்தாதே. ரங்கநாயகி தலையை ஆட்டினாள், காதில் போட்டுக்கொள்ளவில்லை, அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ்காரனோடு ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் மூக்குக்குழாய் போதாது என்று முகமூடி மாட்டினார்கள், உங்களுக்கு இங்கே வேலை இல்லை, வெளியே இருங்கள் என்றார்கள். உங்களுக்கு இங்கே வேலை இல்லை. அப்படி ஒரு சொல்லை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. சத்தம் போட ஆளில்லை, இழுத்துப் பிடித்துப் பேச ஆளில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது அவளுக்கு வராது. பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள், தங்கச்சி அறைக்குள் போனாள், ஏதாவது செய்ய வேண்டும் போல் இருந்தது, ஒரு தொட்டியைத் தூக்கினாள், திக்கென்றது. கையில் ஒன்றுமே இல்லை. தவிட்டு நிறத்தில் ஏதோ தூள், வெள்ளை வெள்ளையாகப் பொரி மாதிரி ஏதோ, கரி மாதிரி ஏதோ, மண் என்பதே கிடையாது. பத்து வருஷமாக இந்தச் சக்கையையா தின்றுகொண்டிருந்தீர்கள் என்று செடிகளைக் கேட்டாள். எவன் இவளை ஏமாற்றிக் காசு வாங்கினான். பாவம், சுலோவுக்கு வாங்கத் தெரியாது, எதை எடுத்துக் கொடுத்தாலும் சரிங்க என்று வாங்கிக்கொண்டு வருகிற பிறவி. அன்றைக்கே பல்லடத்துப் பக்கம் தெரிந்த தோட்டத்தில் ஆளை விட்டு ஒரு வண்டி செம்மண்ணும் நன்றாக மக்கின சாணி எருவும் எடுத்துவரச் சொன்னாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி, வேரில் ஒட்டியிருந்த அந்தச் சக்கையையெல்லாம் தட்டி உதறி, தொட்டி நிறைய மண் போட்டு, கட்டைவிரலால் சுற்றிலும் அமுக்கி, இன்னும் கொஞ்சம் போட்டு இன்னும் அமுக்கி, பேல் கட்டுகிறபோது துணியை ஏறி மிதித்து இறுக்குகிற மாதிரி இறுக்கி, செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டாள். தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் மூன்று கிலோ இருந்தது. அப்போதுதான் மனசு அடங்கிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து சுலோ திரும்பி வருகிறபோது இங்கே செடியெல்லாம் வயிறாரச் சாப்பிட்டுக் கொழுத்து நிற்கும். நாலாம் நாள் முதல் தொட்டி சாய்ந்தது. தண்டு அடியில் அவித்த கத்தரிக்காய் மாதிரி நொளுநொளுவென்று ஆயிற்று. வாடியிருக்கிறது என்று இன்னும் தண்ணீர் விட்டாள். விட்டாளே, அதைத்தான் திரும்பத் திரும்ப, விடாமல் இருந்திருந்தாலாவது, வாடினதைப் பார்த்தால் தண்ணீர் விடாமல் வேறு என்ன செய்வார்கள்.

ஒரு பையைக் கீழே வைத்தால் இன்னொன்றை எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்பதுபோல் இரண்டையும் பிடித்துக்கொண்டே நின்றாள். நர்சரிக்காரப் பெண் வெகு நேரமாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஸ்தர் என்று பெயர், கோத்தகிரிக்காரி, முப்பத்தைந்து வயசு இருக்கும், அவிநாசி ரோட்டில் பச்சை வலைப்பந்தல் போட்டு ஐந்தாறு வருஷமாக இந்த நர்சரியை நடத்துகிறாள், வாய்க்கு வாய் கொடுக்கிறவள். வந்ததும் வராததுமாக ரங்கநாயகி பையின் எடையைக் கேட்டதற்கு, இது லிட்டர்ல விக்கறதும்மா, எடை கிடையாது என்றாள். மண் என்ன பாலா லிட்டரில் விற்க என்று ரங்கநாயகி ஒரு பிடி பிடித்தாள். எஸ்தர் அசரவில்லை. “நகைக்கடையில கூட இவ்வளவு நேரம் தூக்கிப் பாக்க மாட்டாங்கம்மா. கை வலிக்கப் போகுது, கீழ வைங்க, அது எங்கயும் ஓடாது” என்றாள். வேறொரு நாளாக இருந்தால் இந்த வாய்க்கு அவளை ரங்கநாயகிக்குப் பிடித்துப் போயிருக்கும், வேலைக்குக்கூடக் கூப்பிட்டிருப்பாள். இன்றைக்கு அம்மிணி, எனக்குப் பேச நேரமில்லை என்று மட்டும் சொல்லி, இரண்டு பைகளையும் ஒன்றாகக் கீழே வைத்துவிட்டு, ஒயர்கூடையிலிருந்து பழைய துண்டில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து மேஜை மேல் வைத்தாள். பதினொன்றில் மிச்சம் ஒன்று. தண்டு கறுத்துவிட்டது, நாலு இலை தொங்கிவிட்டது, ஒரே ஒரு இலை மட்டும் எப்படியோ நிமிர்ந்து நின்றது, வெள்ளியும் ஊதாவுமாக, ஓரத்தில் நத்தை மாதிரி சுருண்டு, நடுவில் கரும்பச்சையில் இன்னொரு இலை வரைந்த மாதிரி. எஸ்தர் தொட்டியைத் தூக்கினாள், மண்ணில் விரலைக் குத்தினாள், விரல் இறங்கவில்லை. அவள் முகம் மாறிற்று. “யாரும்மா இப்படி அமுக்குனது. மண்ணுக்கே மூச்சு முட்டியிருக்கும்.” ரங்கநாயகி, வேலைக்காரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். நான்தான் என்றாள். என்றுவிட்டு, அந்த மூச்சு என்கிற சொல்லைக் காதிலிருந்து எடுத்துப்போட முடியாமல், பந்தல் வலை வழியாக வெயில் புள்ளி புள்ளியாகத் தரையில் விழுந்துகிடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூச்சு. கழிவுத்துணி பிரிக்கிற கொட்டகைக்குள் வெயில் இப்படித்தான் விழும், தகரத்தின் ஓட்டை வழியாக, கம்பு கம்பாக. அந்தக் கம்புக்குள் பஞ்சுத்தூசி மேலும் கீழும் மிதந்துகொண்டே இருக்கும், அடங்கவே அடங்காது, பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதற்குக் கீழே சுலோ உட்கார்ந்திருப்பாள், தலையில் ஒரு துண்டு, மூக்கில் ஒரு துண்டு, சுற்றிலும் மலை மாதிரி துணி. கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பாள். அவள் விரலுக்குத் தெரியும், இது சுத்தப் பருத்தி, இது பாலியஸ்டர் கலந்தது, இது சாயம் ஓடுகிறது. ரங்கநாயகிக்குக் கை தராசு என்றால் சுலோவுக்கு விரல் கண். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான், தாராபுரத்திலிருந்து ஒரு துணிமூட்டையோடு பஸ் இறங்கின இரண்டு பெண்பிள்ளைகள், ஒருத்தி புருஷனால் விடப்பட்டவள், ஒருத்திக்குப் பதினெட்டு வயசுகூட நிறைந்திருக்குமா என்னவோ, இந்த ஊரில் ஒரு குடோனுக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். இருமல் எப்போது வந்தது. எல்லோருக்கும்தான் இருமல். நாலு வருஷம் முன்னால் டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி இந்தத் தூசிக்குள் இவர்கள் ஒரு நாள்கூட இருக்கக்கூடாது என்றார். ஒரு நாள்கூட. ரங்கநாயகி அதை முதல் விலையாக எடுத்துக்கொண்டாள். எவனும் முதலில் அப்படித்தான் சொல்லுவான், கடைசியில் எங்கேயோ வந்து நிற்பான். தீபாவளி வரைக்கும் பார்க்கலாமுங்களா என்றாள். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம், வியாபாரத்தில் அப்படித்தான். தீபாவளி போயிற்று, பொங்கலுக்கு ஒரு பெரிய லோடு இருந்தது, அப்புறம் புது ஆள் பழக வேண்டும், அப்புறம் பழகின ஆள் நின்றுவிட்டாள். பதினாலு மாசம். டாக்டரிடமிருந்து பதினாலு மாசத்தை இழுத்து வாங்கிவிட்டாள், என்ன சாமர்த்தியம். சுலோ மாட்டேன் என்று சொல்லியிருந்தால். சொல்லவில்லை. சரிக்கா என்பாள், மூக்குத் துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுவாள். மாட்டேன் என்று ஒரு தடவை, ஒரே தடவை சொல்லித் தொலைத்திருந்தால் என்ன, சொல்லாததற்கு அவள் மேல் இப்போது கோபம் வருகிறது, இந்தக் கோபத்தை எங்கே கொண்டு வைப்பது. வேலையை விட்டு அறைக்குள் உட்கார்ந்த பிறகுதான் ஒன்றிரண்டாக இருந்த தொட்டி பதினொன்று ஆயிற்று. வெயில் ஆகாத செடி, காற்று நேராக அடிக்கக் கூடாத செடி, அறைக்குள்ளேயே இருக்கிற செடி. அவளுக்கு ஏற்ற ஜோடி என்று ரங்கநாயகிதான் கேலி பண்ணினாள்.

“இதைத் தூக்கிப் போட்டுருங்கம்மா. இதே ரகம் அங்க மூணு தொட்டி இருக்குது பாருங்க” என்றாள் எஸ்தர். ரங்கநாயகி பார்த்தாள். அதே வெள்ளி, அதே ஊதா, அதே நத்தைச் சுருள். வாட்டமில்லாமல், தூசியில்லாமல், நேற்றுப் பிறந்த மாதிரி. மூன்று வாங்கி, எட்டுக்கு வேறு எங்காவது ஆள் விட்டால், நாலு மணிக்குள் பலகை நிறைந்துவிடும். பேல் கட்டுகிறவர்கள் செய்வதுதான், மேலே நாலு அடுக்கு வெள்ளைத்துணி, உள்ளே என்ன இருக்கிறது என்று எவன் அவிழ்த்துப் பார்க்கிறான். அவளே பார்த்திருக்கிறாள், பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள், ஆரம்பத்தில் வயிறு காய்ந்த நாளில் இரண்டொரு தடவை செய்தும் இருக்கிறாள். சுலோவின் கண் இப்போது மங்கல். படுக்கையிலிருந்து எழுந்து கிட்டே போய்ப் பார்க்கிற தெம்பு கிடையாது. ஆனால் விரல். ஒரு தொட்டியை எடுத்து மடியில் வை அக்கா என்பாள். கட்டாயம் சொல்லுவாள். கண்ணை மூடிக்கொண்டு இலையின் அடிப்பக்கத்தைத் தடவுவாள், அங்கே ரோமம் மாதிரி இருக்கும், அதைத் தடவிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாளே. ஜன்னல் கதவில் இடித்து ஓரம் கிழிந்த ஒன்று, ஊதுபத்தி சுட்ட ஒன்று, எதற்கு எது என்று அவள் விரலுக்குத் தெரியும். தடவிவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டாள். சரிக்கா என்பாள். அதுதான், அந்த சரிக்கா, அதைக் கேட்டுக்கொண்டு அந்த அறையில் எப்படி உட்காருவது, எத்தனை நாள் உட்காருவது. எத்தனை நாள் என்றுதான் டாக்டரிடமும் கேட்டாள். இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எத்தனை நாளுங்க. நாளைச் சொல்ல முடியாதும்மா, மாசக்கணக்கில் எதிர்பார்க்காதீர்கள் என்றார். இந்தத் தடவை அவள் பேரம் பேசவில்லை. நேற்று படுக்கை விரிப்பு மாற்ற நர்ஸ் ஆள் தேடியபோது நான் தூக்குகிறேன் என்று சுலோவின் முதுகுக்கும் முழங்காலுக்கும் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினாள். கை எகிறிற்று. முப்பத்திநாலு என்று கை சொன்னது. வேண்டாம் என்று சொல்லச் சொல்லச் சொன்னது. அப்புறம் கட்டில் தலைமாட்டில் தொங்கின அட்டையைப் பார்த்தாள், முப்பத்திநாலு கிலோ என்று எழுதியிருந்தது.

அந்த மூணு தொட்டியும் வேண்டாம் என்றாள். எஸ்தர் தோளைக் குலுக்கினாள். என்ற தங்கச்சி பத்து வருஷமா வளத்தது, இதைப் பொழைக்க வைக்கோணும், அதுக்கு எந்த மண்ணு, அதை மட்டும் சொல்லு அம்மிணி என்று ரங்கநாயகி கேட்டபோது குரல் கெஞ்சலாக வந்தது, அது அவளுக்கே பிடிக்கவில்லை. எஸ்தர் அவள் காலடியில் இருந்த இரண்டு பைகளையும் எடுத்து மேஜை மேல் வைத்தாள். கனமான பையில் பாதி மண், ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் சரி, இதற்கு எமன் என்றாள். லேசான பை பரவாயில்லை, ஆனால் அதிலும் உரம் அதிகம், வேர் போன செடிக்கு உரம் ஆகாது. கோத்தகிரி என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு கலந்து கொடுத்துவிடுவேன், இது திருப்பூர் வெக்கை, அதுவும் அறைக்குள், ஏசி போட்டால் ஒரு விதம், ஃபேன் என்றால் ஒரு விதம். இத்தனை வருஷம் இதை இந்த ஊரில் உயிரோடு வைத்திருந்தார்களே, அவர்கள் என்ன கலவை போட்டார்கள். ரங்கநாயகி அந்தத் தவிட்டு நிறத் தூளை நினைத்துப் பார்த்தாள். பொரி மாதிரி, கரி மாதிரி. எது எவ்வளவு. பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் சுலோ சமையலறைத் தரையில் காகிதத்தை விரித்து டம்ளரால் அளந்து அளந்து கலந்துகொண்டிருந்தாள், ரங்கநாயகி தாண்டித் தாண்டிப் போனாள், ஒரு தடவை கால் பட்டுச் சிதறியதற்கு அவளையே திட்டினாள். “அவங்களையே ஒரு வார்த்தை கேட்டுருங்களேன்மா” என்றாள் எஸ்தர், ரொம்பச் சாதாரணமாக, கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிற மாதிரி. ரங்கநாயகி போனை எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள். பூத்துக் கெடக்குது என்று சொன்ன வாய். மண்ணுக்கு மூச்சு முட்டியிருக்கும். பதினொன்றே முக்கால்.

போன் மூன்றாவது தடவை மணி அடித்ததும் சுலோவே எடுத்தாள். குரலுக்குப் பின்னால் ஆக்ஸிஜன் சீறுகிற சத்தம் இருந்தது. சாப்பிட்டியா, ஆம்புலன்ஸ் சொல்லியாச்சா, துணிமணியெல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டதா என்று ரங்கநாயகி அதட்டி அதட்டிக் கேட்டாள், எல்லாவற்றுக்கும் உம் உம் என்று வந்தது, கேட்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனபிறகு, “சுலோ, உன்ற செடிக்கு என்ன மண்ணு போடுவே” என்றாள். சீறல் மட்டும் கேட்டது. அப்புறம் சிரிப்பு மாதிரி ஒன்று, அது இருமலாகி, இருமல் நிற்கிற வரைக்கும் இரண்டு பக்கமும் காத்திருந்து, சுலோ கேட்டாள். “எத்தனை மிச்சம் இருக்குதுக்கா.”

ஒன்று என்றாள். ஒண்ணுகூட இல்லை, தண்டு போச்சு, ஒரு இலை இருக்குது. சொல்லி முடித்ததும் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த பெரிய சிமெண்ட் தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். எஸ்தர் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். நீ பூத்துக் கெடக்குதுன்னு சொன்னியே, அன்னைக்கே எனக்குத் தெரியும் என்று சுலோ விட்டு விட்டுச் சொன்னாள். அதெல்லாம் இலைக்காக வளர்க்கிற செடி, மொட்டு விட்டால் நானே கிள்ளிப் போட்டுவிடுவேன், பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட அது நம் வீட்டில் பூத்தது கிடையாது. ரங்கநாயகிக்கு முகம் எரிந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு சரிக்கா என்று சொல்லியிருக்கிறாள். பத்து வருஷம் ஒரே வீட்டில் இருந்து, ஒரு செடி பூக்கிற செடியா பூக்காத செடியா என்று தெரியாத அக்காள். ஏம்புள்ள, அன்னைக்கே கேக்கறதுக்கென்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். “கேட்டா நீ அழுவே. அங்க நெறையப் பேர் இருந்தாங்க” என்றாள் சுலோ. அப்புறம் அவளே சொன்னாள். “ஒரு இலை போதும். ஊட்டியில இருந்து நான் கொண்டாந்ததே ஒத்தை இலைதான்.”

ஊட்டி. குடோன் ஆட்களையெல்லாம் வேன் பிடித்துக் கூட்டிப்போன அந்த ஒரு நாள். செடிகள் வைத்த கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒரு இடத்துக்குள் சுலோ போனவள் வெளியே வரவே இல்லை, இவள் வாசலில் கேரட்காரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வருகிற வழியில் டிபன்பாக்ஸை மடியில் வைத்துத் திறக்காமலே வந்தாள் சுலோ, உள்ளே சின்னச் செடி இருக்குது, கேட் பக்கத்துல ஒருத்தர் வித்தார், அவர் சொன்னதுல பாதிக்குக் கேட்டு வாங்கினேன் என்றாள். வேன் முழுக்கக் கேட்கிற மாதிரி ரங்கநாயகி சொன்னாள், பரவாயில்லையே, என்ற தங்கச்சியும் பொழைச்சுக்குவா. அந்த ஒரு தடவைதான் அவள் சுலோவை நாலு பேர் முன்னால் மெச்சினது. அந்த முகம் அப்போது எப்படிச் சிவந்தது. “வாங்குலக்கா. திருடினேன்” என்றது போன். “கிள்ளி, ஈரப் பனியன் துணியில சுத்தி டிபன்பாக்ஸுல போட்டுக்கிட்டேன். நீ கேட்டதும் என்ன சொல்றதுன்னு தெரியல. வெலை பேசி வாங்கினேன்னு சொன்னா உனக்குப் பிடிக்கும்னு.” மறுபடியும் இருமல். ரங்கநாயகி இவ்வளவு நாளைக்கு அப்புறம் சிரித்தாள், சிரிப்பில் மூக்கு ஒழுகிற்று, களவாணி என்றாள், பத்து வருஷமா வூட்டுக்குள்ள களவுப் பொருளை வெச்சுட்டிருந்திருக்கறே. இப்படி ஒரு காரியத்தைச் செய்கிற துணிச்சல் இந்தப் பூனைக்கு இருந்திருக்கிறது. மாட்டேன் என்கிற ஒரு சொல்லுக்கு இல்லாத துணிச்சல். அல்லது அதற்கும் இருந்ததோ என்னவோ, கேட்கிற காது இங்கே இல்லையோ.

அப்புறம் சுலோ சொல்லச் சொல்ல ரங்கநாயகி எஸ்தரைக் கைதட்டிக் கூப்பிட்டு உரக்கத் திருப்பிச் சொன்னாள். தேங்காய் நார்த்தூள், உப்புப் போகக் கழுவினது, ரெண்டு டம்ளர். வெள்ளையா பொரி மாதிரி, அது பெர்லைட், ஒரு டம்ளர். கருக்கின உமி அரை டம்ளர். உரம் வேண்டாம், மண்ணு ஒரு துளிகூட வேண்டாம். பிசையாதே. அமுக்காதே. இலையின் அடியில் நரம்பை அங்கங்கே லேசாகக் கீறி, அந்தக் கலவை மேல் சும்மா படுக்க வைத்து, கண்ணாடி மூடி போட்டு மூடிவிட வேண்டும். கீறின இடத்தில் வேர் விடும், அப்புறம் ஒவ்வொரு கீறலிலும் ஒரு குட்டிச்செடி எழுந்து வரும். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள் ரங்கநாயகி. கேட்டிருக்கக் கூடாது. “ரெண்டு மாசம்” என்றாள் சுலோ. சீறல். நாலு மாசமும் ஆகும் சில சமயம் என்று சொல்ல வந்தவள் போல நிறுத்திக்கொண்டாள். ரங்கநாயகியின் வாய், முப்பத்தோரு வருஷமாக ஓடின தடத்திலேயே ஓடிப் பழகின வாய், அவளைக் கேட்காமலே, “ஒரு மாசத்துல வந்துராதா சாமி” என்றது.

ஆஸ்பத்திரி நடையில் யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போகிற சத்தம் போன் வழியாகக் கேட்டு, தேய்ந்து, நின்றது. “நீ கேட்டாக் கொறைச்சுக்கும்னு நெனைக்கறயாக்கா” என்றாள் சுலோ, கேலியாகத்தான் சொன்னாள். அப்புறம், நாலு மணிக்கு வர்றேன், இலையைப் பலகையில வெக்காதே, என்ற கைக்கு எட்டற மாதிரி வை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எஸ்தர் தட்டில் காகிதம் விரித்து அளந்து அளந்து போட்டாள், விரல் நுனியால் கிளறிவிட்டாள், அமுக்காமல் அள்ளி ஒரு பையில் போட்டுக் கட்டினாள். தொங்கின நாலு இலையையும் கறுத்த தண்டையும் வெட்டிவிட்டு, மிச்சமிருந்த அந்த ஒரு இலையைச் சுற்ற ஈரத்துணி கேட்டாள். ரங்கநாயகி முந்தானைத் தலைப்பைப் பார்த்தாள், அப்புறம் நினைவு வந்து பழைய துண்டைக் கிழித்துக் குழாயில் நனைத்துக் கொடுத்தாள். எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள், எஸ்தர் சொன்னாள், ரங்கநாயகி விலையைக் குறைத்துக் கேட்டாள், இவ்வளவு காத்துக்கு இவ்வளவா என்று. பழக்கம்தான். எஸ்தர் நல்ல பெண், குறைத்துக்கொண்டாள். எல்லாரும் குறைத்துக்கொள்கிறார்கள்.

ஆட்டோவில் ஏறி ஒயர்கூடையைக் காலடியில் வைத்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டாள். ரோட்டு வெயிலில் கண் கூசிற்று. மணி பன்னிரண்டரை, போனதும் கண்ணாடி மூடி தேட வேண்டும், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது, பரணில் அகலமான ஜாடி ஒன்று இருக்கிறது, பலகையிலிருந்து கறையைத் துடைக்க வேண்டும், வேண்டாம், அது இருக்கட்டும், கட்டிலுக்கு வலது பக்கம் ஸ்டூல் போட்டால் அவள் கைக்கு எட்டும், இடது பக்கம் மிஷின். ரெண்டு மாசம் என்றால் ஆடி முடிந்து ஆவணி. ஆவணியில் என்ன கிழமை என்று எண்ணப் போன மனசைப் பிடித்து நிறுத்தினாள். ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிற்று, பதறிப்போய் மடியைத் தொட்டாள். இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். எந்த மூட்டையையும் தொட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுகிற கை, இருக்கிறதா இல்லையா என்றே அதற்குத் தெரியவில்லை, ஒவ்வொரு தடவையும் குனிந்து கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. வீடு போய்ச் சேருகிற வரைக்கும் அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், அமுங்கிவிடாமல்.